ஏறுவதற்கு முன்பே கட்டிய பேனர்

செஞ்சியின் மூன்று மலைகளையும் நாங்கள் நால்வரும் ஒரே நாளில் ஏறி முடித்த செய்தி, நாங்கள் வேனில் ஏறுவதற்கு முன்பே எங்கள் ஊர் மூலக்குளத்தில் பேனராகத் தொங்கியது. ‘மும்மலை வென்ற சிங்கங்களே’ என்ற வரிக்குக் கீழே நான்கு முகங்கள். என் முகத்தைக் கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியிருந்ததால் சிங்கம் மாலையோடு இருந்தது. எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் பேனர் உண்டு, கருமாதிக்கும் உண்டு. நடக்காத காரியத்துக்கு வைத்தது, கட்சிக்காரர்களை விட்டால், நாங்கள்தான்.

“ஞாயித்துக்கிழம பிரிண்டிங் கடை லீவு. அதான் நேத்தே கட்டிட்டேன். எப்படியும் ஏறத்தானே போறோம்,” என்றார் ஏற்பாடு செய்த நண்பர்.

நாங்கள் தினமும் கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள். எத்தனை அடி நடந்தோம் என்று செல்போனில் காட்டி ஒருவரையொருவர் வெறுப்பேற்றுவோம். அந்தச் சாலையில் மேடு என்பதே கிடையாது. நாங்கள் வாழ்நாளில் ஏறிய பெரிய உயரம் அரும்பார்த்தபுரம் மேம்பாலம். அதையும் ஸ்கூட்டரில்தான் ஏறினோம். “மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே மூச்சு வாங்குது உங்களுக்கு,” என்று மனைவி சொன்னபோது சிரித்தேன். பேனரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இனி ஏறாமல் திரும்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

ஐப்பசி மழையில் படிகள் வழுக்கின. முதல் மலையான ராஜகிரியை எப்படியோ ஏறினோம். இரண்டாவதான கிருஷ்ணகிரியில் பாதிக்கு மேல் கையையும் ஊன்றி நான்கு காலில் போனேன். சிங்கம் என்று போட்டது அங்கே மட்டும் பொருந்தியது. மூன்றாவது மலையில் ஒழுங்கான படிகூட இல்லை, முள்ளும் பாறையும்தான். அடிவாரத்துப் புளியமரத்தடியில் நால்வரும் சாய்ந்தோம்.

வேன் டிரைவருக்கு அறுபது வயதிருக்கும். மில் மூடிய பிறகு வண்டி ஓட்ட வந்தவர். எங்களுக்கான தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு இரண்டு மலையும் கூடவே ஏறியிருந்தார். “போட்டோதானே சார் வேணும்? போனக் குடுங்க, நான் போய்ட்டு வந்துடறேன்,” என்றார்.

எங்களுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்ததோ யோசனை. போன் மேலே போனால் அடிக்கணக்கும் ஏறுமே. நான்கு பேரும் நான்கு போனை நீட்டினோம். சட்டைப் பையில் இரண்டு, பேண்ட் பையில் இரண்டுமாக அவர் மலையேறினார். அவர் இறங்கி வருவதற்குள் நாங்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டோம்.

சாயங்காலம் தெருமுனையில் ஊர்க்காரர்கள் சால்வையோடு காத்திருந்தார்கள். கூசாமல் தோளைக் காட்டினேன். படங்களைக் காட்டினோம். எல்லாவற்றிலும் பாறையும் மேகமும்தான். என் மனைவி மட்டும் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“ஒண்ணுலயும் நீங்க இல்லியே. மூணாவது மல மேல என்னதான் இருந்துது?”

வேனைப் பெருக்கிக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தார்.

“இடிஞ்ச மண்டபம் ஒண்ணுதாம்மா. சார் எங்க அதெல்லாம் பாத்தாரு? எனக்குக் கால் வழுக்கிடுச்சி. வழியெல்லாம் என் கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்தாரு.”

என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. அந்த மனிதர் எல்லார் முன்னாலும் என்னை ஓங்கி அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அப்போதும் நான் ‘இல்லை’ என்று சொல்லவில்லை.