கண்ணுக்கு மட்டும் தெரிந்த தமிழ்

விண்ணப்பப் படிவம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறந்ததிலிருந்து பார்வை இல்லாதவள் நான். என் பெயரில் இதுவரை போன படிவங்களில் ஒன்றைக்கூட நானே நிரப்பியதில்லை. பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர், எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, "பொறவியிலயேவா? ஊனம் எத்தினி பர்சன்ட்டு? கல்யாணம் ஆச்சா, ஆகலையா?" என்று கேட்பார். நானும் ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை பின்னாலிருந்த ஒரு அம்மா, "ஆகலையா, ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டினார். "உங்களுக்கு ஆயிடுச்சா? ஐயோ பாவம்" என்று திரும்பிச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வீடு வரைக்கும் கோபம் அடங்கவில்லை.

அதனால்தான் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன கம்பெனி என்னைக் கூப்பிட்டபோது தலைகால் புரியவில்லை. மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் ஓர் அறக்கட்டளைக்கு அவர்கள் வலைத்தளம் செய்திருந்தார்கள். விண்ணப்பம் முழுக்கத் தமிழில். தளத்தில் மட்டும்தான் நிரப்ப முடியும், வேறு வழி கிடையாது. மறுநாள் காலையில் திறக்கப் போகிறார்கள். பார்வை இல்லாத ஒரு பெண் யார் தயவும் இல்லாமல் அதை நிரப்ப முடிகிறதா என்று நான் சோதித்துச் சொல்ல வேண்டும். முடியும் என்று நான் சொன்னால்தான் திறப்பார்கள். எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்.

கருவடிக்குப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் பத்து மணிக்கெல்லாம் போய்விட்டேன். கீழே லேத் பட்டறை, மேலே ஆபீஸ். இரும்பு சீவுகிற சத்தத்தில் என் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எனக்கு மவுஸ் வேண்டாம். டேப் விசையைத் தட்டத் தட்ட, திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் வாசித்துச் சொல்லும். தமிழ் இருந்தால் தமிழ்க் குரலில், ஆங்கிலம் இருந்தால் ஆங்கிலக் குரலில்.

முதல் கட்டத்துக்குப் போனேன். ஆங்கிலக் குரல், "ங்கௌ" என்றது.

மறுபடி தட்டினேன். அதே "ங்கௌ". அடுத்த கட்டத்துக்குப் போனால் அது இன்னும் மோசம், தும்மல் மாதிரி ஏதோ வந்தது. என் மென்பொருளுக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, மூடித் திறந்து பார்த்தேன். ங்கௌ.

"சார், இந்த மொத கட்டத்துல இன்னா எழுதியிருக்கு?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"பெயர்னு எழுதியிருக்கு, மேடம். நல்லா கொட்டை எழுத்துல."

"எனக்கு ங்கௌன்னு கேக்குது சார்."

அந்தத் தளத்தை வடிவமைத்த டிசைனர் அண்ணன் எழுந்து வருவது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது. ஐம்பது வயதுக்காரர். இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இருந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பிரெஞ்சு என்று பிழையில்லாமல் தட்டுவாராம். அந்தப் பெருமை குரலிலேயே இருந்தது. "ஏம்மா, என் தமிழ்ல தப்பா? பச்சக் கொழந்தகூட படிக்கும். உன் சாப்ட்வேருக்குத்தான் தமிழ் தெரியல போல."

சுர்ரென்று வந்தது எனக்கு. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. முதலாளியும் அதையே சொல்கிறார். நாலு கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது என் ஒரு காதுக்கு மட்டும் ஏன் இப்படி? அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க வைத்தேன். "என், ஜி, ஏ, யு, செமிகோலன்."

பெயர் என்ற சொல்லில் செமிகோலனுக்கு என்ன வேலை?

சட்டென்று எனக்குப் பிடிபட்டது. கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தபோது கேள்விப்பட்டிருக்கிறேன்: பழைய தமிழ் எழுத்துருக்கள் உண்மையில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டவை. அச்சடிக்கிறவர்களுக்கு அது போதும். காகிதத்தில் வேஷம் கலையாது. ஆனால் என் மென்பொருள் வேஷத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் ஆளைத்தான் கூப்பிடுகிறது.

இதை வாயால் சொன்னால் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும். "அண்ணா, அந்தப் பெயர்ங்கிற வார்த்தைய அப்பிடியே காப்பி பண்ணி, உங்க போன்லேர்ந்து எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க" என்றேன்.

"அதுல இன்னா இருக்கு" என்று முணுமுணுத்தபடியே செய்தார். ஒட்டியதும், "இன்னாது இது?" என்றார்.

"இன்னா அண்ணா தெரியுது?"

"ஏ பி சி டியா வருதும்மா" என்றார். குரலில் இருந்த கல்யாணக்களை மொத்தமாக இறங்கிவிட்டது. "என் ஜி ஏ... அட ஆமா, பழைய டைப்ரைட்டிங் பழக்கத்துல பத்திரிக்கை ஃபான்ட்லயே எல்லாத்தையும் அடிச்சிட்டேனே!"

நான் மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டேன். அவரைக் கேலி செய்து சிரிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்! முதல் தடவையாக நான் கேட்டதை, பார்க்கிற இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். முதலாளி, "ஐயோ மேடம், நூத்துக்கணக்குல வார்த்தை இருக்கே" என்று அலறியது எனக்கு இன்னும் குஷியாக இருந்தது.

நாலு மணிக்கு லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அக்காவை வரச் சொல்லியிருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன் சர்க்கரை நோயில் பார்வை போனவர். அதற்கு முன் தையல் கம்பெனியில் இருந்தார். என்னோடு கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தவர், தமிழ் தவிர வேறு தெரியாது. நான் ஆயிரம் சொன்னாலும், அவர் நிரப்பினால்தான் அது நிரப்ப முடிகிற படிவம்.

அண்ணன் சாப்பிடக்கூடப் போகவில்லை. மாற்றித் தரும் மென்பொருள் வேண்டாம், அது ஒற்றுப் புள்ளிகளைத் தின்றுவிடும் என்று, உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோட் எழுத்துருவை எடுத்து எல்லாவற்றையும் கையாலேயே மறுபடி தட்டினார். பழைய டைப்ரைட்டர் விசை வரிசையே அதற்கும் கிடைத்தது. "வெரலு அதே எடத்துக்குத்தாம்மா போவுது, எழுத்து மட்டும் இப்பத்தான் நெசமாவுது" என்றார். அவர் ஒரு பக்கம் முடிக்க, நான் அதைக் காதால் பிடித்துக்கொண்டே வந்தேன். முதல் கட்டத்தில் தமிழ்க் குரல் தெளிவாக, "பெயர்" என்றது. ஹெட்போனைக் கழற்றி அண்ணன் காதில் வைத்தேன். அவர் மூன்று தடவை கேட்டார்.

இன்னும் சில்லறைக் கோளாறுகள் இருந்தன. அனுப்புகிற பொத்தான் வெறும் படமாக இருந்ததால் "பட்டன்" என்று மட்டும் சொன்னது. எதற்கான பட்டன் என்று கேட்டால் மௌனம். அதற்கும் பெயர் வைத்தோம். மூன்றே முக்காலுக்குக் கடைசிக் கட்டம் பேசியது.

அக்கா வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் தட்டுவதைக் கேட்டு எங்கே இருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். பெயர் போனது. முகவரி போனது. குறைபாடு எப்படி வந்தது என்ற கட்டத்தையும் தாண்டிவிட்டார். இன்னும் ஐந்தாறுதான் பாக்கி.

அப்போது தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். எதையோ தவறவிட்டோம், ஏதோ ஒரு கட்டம் இன்னும் ங்கௌ என்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் கீபோர்டு பக்கம் கையை நீட்டினேன். "எந்தக் கட்டத்துல நிக்கிறீங்க அக்கா? இன்னா கேக்குது? சொல்லுங்க, நான் போட்டுத் தரேன்."

அக்கா என் கையைப் பிடித்து மெதுவாக ஒதுக்கி வைத்தார்.

"எங்கயும் நிக்கலம்மா. நல்லாத்தான் கேக்குது. இன்னா எழுதறதுன்னு யோசிக்கிறேன்" என்றார். பிறகு, "நீ கொஞ்சம் அந்தாண்ட போயேன். இத நானே எழுதிக்கிறேன்" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க யாரை நினைத்துப் பல்லைக் கடித்தேனோ, அந்த பிரவுசிங் சென்டர் ஆள் வேலையை நானே செய்யப் போயிருக்கிறேன். அடுத்த நொடியே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடியே மாடிப்படிக்கு வந்தேன். முதலாளியும் அண்ணனும் அங்கே காத்திருந்தார்கள்.

"இன்னா மேடம், திரும்ப தப்பா வருதா?" என்று முதலாளி பதறினார்.

"போகச் சொல்லிட்டாங்க சார்!" என்று கத்தினேன். "என்னைய எழுந்து போகச் சொல்லிட்டாங்க! நாளைக்குத் தொறங்க!"

உள்ளே மறுபடி விசைகள் ஓடத் தொடங்கின. நிதானமாக, நெடுநேரம் ஓடின. அந்தக் கட்டத்தில் அக்கா என்ன எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.