கடைசி வளைவு போட்டோக்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஓட்டுவதில்லை, தள்ளுகிறார்கள். இது மலைக்குத் தெரியும், போட்டோக்காரருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாமல் இருக்கிறதென்றால் அதற்குக் காரணமே போட்டோக்காரர்தான்.

அவர் ஸ்டூல் போட்டு உட்காருவது கடைசிக் கொண்டை ஊசி வளைவில். சாலை அங்கே சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். கொஞ்சம் கீழே வீட்டு உயரத்துக்கு ஒரு பாறை, அதன் பின்னால் சாலை மறைந்துவிடும். அந்த மறைவிலிருந்து முதலில் செருமல் வரும், புலம்பல் வரும், மூக்குச் சிந்தும் சத்தம் வரும். பிறகு பெடலில் ஷூ மாட்டும் ‘டக்’. அடுத்த நொடியே ஒரு மாவீரன் பல்லைக் கடித்தபடி மிதித்துக்கொண்டு பாறையைச் சுற்றி வருவான், ஏதோ அடிவாரத்திலிருந்து சைக்கிளை விட்டு இறங்கவே இறங்காதவன் போல.

“அண்ணே, முகம் கிளியரா விழணும்!”

“விழும் சார். கஷ்டப்படுற மாதிரியே வாங்க, ஆனா சிரிங்க.”

தொழில் தொடங்கிய புதிதில் எல்லோருக்கும் ஒரே குறை: படத்தில் மேடே தெரியவில்லை. கேமராவுக்கு மேடு பள்ளம் புரியாது, எதையும் தட்டையாக்கிவிடும். அதனால் போட்டோக்காரர் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். சாலை ஜிவ்வென்று ஏறியது. பக்கத்து மரங்களெல்லாம் குடித்தவன் மாதிரி சாய்ந்தன. இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. “தன் மூஞ்சியைப் பார்க்கவே நேரம் பத்தல, இதுல மரத்தை எங்க பார்க்கப் போறான்?” என்பார்.

மத்தியானம் பைக்கில் ஊரிலுள்ள தன் போட்டோக் கடைக்கு இறங்கி வந்ததும் அன்றைய கூத்தை மனைவிக்கு நடித்துக் காட்டுவது வழக்கம். தள்ளுவது எப்படி, பாறைக்குப் பின்னால் முகம் துடைப்பது எப்படி, ‘டக்’ எப்படி என்று கடை நடுவே அரங்கேற்றம் நடக்கும். அவளோ ஞாயிறு முழுக்க பாஸ்போர்ட் படம் எடுத்து நொந்திருப்பாள். கைக்குழந்தைக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பின்னால் வெள்ளைத் துணிக்குள் ஒளிந்து தலையைப் பிடித்திருக்கும் அம்மாவின் விரல் தெரியவே கூடாது.

அன்றைக்கும் அப்படி ஒரு குழந்தை போன பிறகுதான் அவர் நடிக்க ஆரம்பித்தார். படம் வாங்க வந்த பல் டாக்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவரும் பாறைக் கூட்டத்தில் ஒருவர்தான்.

“சரி, அவங்களாவது பாதி மலை மிதிக்கிறாங்க,” என்றாள் அவள். “நீங்க பைக்ல போய் ஸ்டூல்ல உட்கார்றீங்க.”

“நான் ஏறினா பாட்டுப் பாடிட்டே ஏறுவேன்!”

“அப்படியா? வர்ற ஞாயிறு ஏறுங்க. கால் தரையில படாம ஏறிட்டா, கடைசி வரைக்கும் நான் இந்த வெள்ளைத் துணியோடயே கிடக்கிறேன். பட்டுச்சுன்னா ஞாயித்துக்கிழமை வளைவு எனக்கு, துணி உங்களுக்கு.”

வாரத்தில் அவர் ராஜாவாக இருப்பது அந்த ஒரு ஸ்டூலில்தான். பேச்சை மாற்றப் பார்த்தார். டாக்டர் விடவில்லை.

“ஏறிடுங்கண்ணே. உங்களுக்கு இதெல்லாம் ஒரு மேடா?”

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவள் பைக்கில் முன்னாலேயே மேலே போய்விட்டாள். போட்டோக்காரர் அடிவாரத்தில் வாடகை சைக்கிள் எடுத்தார். மகனுடைய அரைக்கால் சட்டை தொப்பைக்குக் கீழே நின்றது. முதல் வளைவு வரை உண்மையாகவே பாடினார். இரண்டாவதில் பல்லவியோடு நின்றது. அதற்கு மேல் கியரைத் திட்டினார், வாடகைக்குக் கொடுத்தவனைத் திட்டினார், ரோடு போட்டவனைத் திட்டினார். செருப்பு வாரைச் சரிசெய்ய இறங்குவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். வார் சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஏறவில்லை.

பின்னாலிருந்து வந்த டாக்டர் மூச்சு வாங்கியபடி தாண்டிப் போனார். “பாட்டுச் சத்தமே காணோமேண்ணே!”

“இடைவேளை!”

மனசுக்குள் அவருக்குக் கவலையில்லை. டாக்டர் மேலே போய் அவளிடம் சொன்னால் டாக்டரும் தள்ளுகிறவர்தான் என்று சொல்லிவிடலாம். எங்கே இறங்கினாலும் எங்கே ஏற வேண்டும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? தள்ளித் தள்ளிப் பாறை வரை வந்தார். சைக்கிளைச் சாய்த்து வைத்தார். முகத்தைத் துடைத்தார். சட்டையை இழுத்துவிட்டார். சீப்பை எடுத்துத் தலை வாரினார். போன வாரம் வரை இதே சீப்புக்காரர்களை நடித்துக் காட்டி எவ்வளவு சிரித்திருப்பார்!

‘க்ளிக்.’

பாறைக்கு இந்தப் பக்கம், நிழலில், அவருடைய ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“நீ... மேலதானே உட்காரணும்?”

“மேல உட்கார்ந்தா சைக்கிள்ல வர்ற வீரரைத்தான் பார்க்கலாம். எல்லாரும் பாறைக்குப் பின்னாடிதான் ஏறுவாங்கன்னு நீங்கதானே வாராவாரம் நடிச்சுக் காட்டுறீங்க?”

செயின் கழன்றது என்று சொல்லலாமா என்று பார்த்தார். செயின் அதனிடத்தில் ஒழுங்காக இருந்தது. கையில் சீப்பும் இருந்தது.

“வெள்ளைத் துணியைத் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன்,” என்றாள். “ரெண்டு காதும் தெரியணும், மறந்துடாதீங்க.”

போட்டோக்காரர் சைக்கிளை நிமிர்த்தினார், தொப்பையை உள்ளே இழுத்தார், இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிற மாதிரி நின்றார்.

“எடுத்தது எடுத்துட்டே. அதை அழிச்சுட்டு இன்னொண்ணு எடு.”

“தள்ளுற மாதிரியேவா?”

“ஆமா. ஆனா நேரா பிடிச்சா மேடே தெரியாது. கொஞ்சம் சாய்ச்சுப் பிடி.”

“எவ்வளவு?”

“நல்லாவே சாய்,” என்றார் போட்டோக்காரர்.