சாஃப்ட்னர் தண்ணீரும் பொன்னுத்தாயின் கையும்

தொட்டியில் வைத்த செம்பருத்தி கருகினால் முதலில் எதைச் சந்தேகிப்பீர்கள்? தண்ணீரையா, அதை ஊற்றிய பெண்ணையா?

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. லால்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து அங்கே வேலை செய்கிறார் பொன்னுத்தாய். மொட்டைமாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு. முழங்கால் தேய்ந்தவருக்கு அது ஒன்றுதான் தாங்கக்கூடிய வேலை. சென்ற ஆண்டு கோடையில் அவர் கணவர் இறந்தார். அதே கோடையில், போர்வெல் தண்ணீர் குழாய்களில் வெள்ளையாகப் படிகிறது என்று சாஃப்ட்னர் இயந்திரம் வாங்கி வைத்தார்கள். வாட்ச்மேன் அதில் மூட்டை உப்பைக் கொட்டினார். சோப்பு நன்றாக நுரைத்தது. செடிகளின் இலை நுனி கருகத் தொடங்கியது.

சங்கச் செயலாளர் ஆனந்தவள்ளி மாடிக்கு வந்து பார்த்தார்.

"தண்ணிதான் இப்ப நல்லாயிடுச்சே. உன் கைதாம்மா சரியில்ல. வீட்டுக்காரரு போனதுலேருந்து ராசி போயிடுச்சு. நீ படிக்கட்டக் கழுவு, ஜோதி ஊத்தட்டும்."

"கால் மடங்காதுங்கம்மா."

"அதுக்கு நான் என்ன பண்றது? செடி சாகுதே!"

இயந்திரம் செய்வது இதுதான்: தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு உப்பிலுள்ள சோடியத்தை விடுகிறது. குளியலறைக்கு நல்லது. தொட்டியிலோ அது சேர்ந்துகொண்டே போய், மண்ணை இறுக்கி, வேரைத் தாகத்தில் வைக்கிறது. வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் மாநகராட்சித் தண்ணீரின் குளோரின் போகும், இந்தச் சோடியம் போகாது. பள்ளிப் பாடம்தான். பொறியாளர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அதுவரை படிக்கட்டு கழுவிக்கொண்டிருந்த ஜோதி ஊற்றினார். நந்தியாவட்டையும் செத்தது. ஜோதிக்குக் கணவர் இருக்கிறார். ஆகவே, "என்னா வெயிலு பாரேன்" என்றார் ஆனந்தவள்ளி.

படிக்கட்டில் துடைத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் ஜோதியைக் கேட்டார்: "நான் ஊத்துனா ராசி, நீ ஊத்துனா வெயிலாடி?"

"மெதுவா சொல்லுக்கா. அடுத்து என்னைய எதாவது சொல்லப் போகுது அந்தம்மா."

"உன் வீட்டுக்காரரு நல்லா இருக்கட்டும். அவரு இருக்கற வரைக்கும் பழி வெயிலு மேலதான்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் பரவாயில்லை. லால்குடியில் அவர் வீட்டு மல்லிகை செழிப்பாகத்தான் நிற்கிறது. இப்போது அதற்கு மகள் தண்ணீர் ஊற்றுகிறாள். பொன்னுத்தாய் கிட்டே போவதில்லை. "எதுக்குங்க வம்பு" என்கிறார்.

உங்கள் கட்டடத்தில் சாஃப்ட்னர் இருந்தால், செடிக்கு அதற்குள் போகாத தண்ணீரைப் பிடியுங்கள். மழைநீர் இன்னும் நல்லது. உப்பேறிய தொட்டியில் அதை அடியில் வழிய வழிய ஊற்றுங்கள். இப்படிப் பழி சுமந்து படிக்கட்டில் ஒருவர் இருந்தால், செடியைக் கொன்றது உப்புதான் என்று எல்லோரும் கேட்கச் சொல்லி, அவர் வேலையை அவரிடமே கொடுங்கள்.