ஞானதாஸ் கொடுத்த ராஜி

ஞானதாஸ் மழை விட்ட பிறகுதான் போவார் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். கேட்டவர்கள் குன்னத்துகாலில் இன்னும் இருக்கிறார்கள், போய் விசாரிக்கலாம். போன வாரம் முழுக்க அடைமழை. மழை நின்று, முற்றத்தில் வெயில் விழுந்ததும் தொலைபேசி அடித்தது. எடுக்கும் முன்பே எனக்குத் தெரியும். “மாமா, அப்பா போயிட்டாரு” என்றாள் அவர் மகள் மேரி. “ஓட்டைக் குடையானாலும் மழைக்குள்ள மடக்கப்பிடாது மக்கா” என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர் வேறு எப்போது போவார்?

நான் சொன்னது இது ஒன்று மட்டுமல்ல. நல்லமிளகு விலை விழும் என்றேன், விழுந்தது. எல்லை எங்கே நிற்கும் என்றேன், அங்கேயே நின்றது. பஸ் கம்பெனி பூட்டும் என்றும் சொன்னேன். பூட்டும் என்று தெரிந்தேதான் அதில் வேலைக்கும் சேர்ந்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று எல்லைக் கிளர்ச்சி நடந்த ஆண்டுகளில் நானும் ஞானதாசும் பாறசாலைக் கடைத்தெருவில் ஒரு மலைச்சரக்குக் கடையில் வேலை பார்த்தோம். மிளகு, சுக்கு, பாக்கு, கொப்பரை எல்லாம் வாங்கிக் கிழக்கே அனுப்பும் கடை. அவர் தராசில் நின்றார். மூட்டை தைப்பது முதல் ஆலோசனை சொல்வது வரை மற்றதெல்லாம் நான். நாலாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், கணக்குப்படி எட்டாம் வகுப்பு. ஆகவே ஆலோசனை என் பொறுப்பு.

நிறுக்கும்போது ஞானதாஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். சரக்கு கொண்டுவந்த ஒருவர், “எலே, முள்ளைப் பாக்காம என்னத்தைப் பாக்கிய?” என்று கத்தினார். ஞானதாஸ் திரும்பவே இல்லை. “முள்ளுக்கு வெக்கம் உண்டு அண்ணே. முறைச்சுப் பாத்தா அது நேரா நிக்காது.” வந்தவர் சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது. பிறகு முதலிலிருந்து நிறுக்க வேண்டியதாயிற்று.

அப்படி இருக்கையில், கண் காணாத தேசத்தில் எங்கோ ஒரு சண்டை நின்றதாம். அங்கே சண்டை நின்றால் இங்கே மிளகு விலை ஏன் விழ வேண்டும்? எனக்குக் காரணம் தெரியும், இங்கே இடமில்லை. மூட்டைகள் கூரை வரை ஏறின. அதன்மேல் குட்டி போட்ட பூனை, குட்டிகளை எண்ணி முடிப்பதற்குள் நூறு தும்மல் தும்மியது. முதலாளி சம்பளத்தில் பாதியைச் சுக்காகத் தரத் தொடங்கினார். ஞானதாசின் மனைவி ரோசம்மாள் அப்போது நிறைமாதம். “சுக்குவெள்ளம் குடிச்சுக் குடிச்சு எனக்க பிள்ளை காரமாட்டுத்தான் பிறக்கப்போவுது” என்பாள். அப்படித்தான் மேரி பிறந்தாள்.

அந்த நேரத்தில்தான் நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் பஸ் கம்பெனி டிக்கெட் கிழிக்க ஆள் தேடியது. ஞானதாசைத் தெரிந்தவர் ஒருவர் அங்கே சொல்லி வைத்தார். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள். மூழ்கும் கடையை விட்டுப் போவதா, இருப்பதா என்று கேட்டால் யாரும் போ என்றுதான் சொல்வார்கள் என்று நினைப்பீர்கள். மூழ்கும் கடைதான். ஆனால் தாலுகாவே எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத காலம் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்றுகொண்டே பேசினோம்.

“எலே ஞானதாசு, போயிரு. சக்கரம் உருளும், தராசு உருளுமா?” என்றேன்.

“உருளாததுனாலதான் அதுக்க பக்கத்துல நிக்கத் தைரியம், மக்கா.”

ரோசம்மாள் என் இலையில் மீன் வைக்க வந்தவள் வைக்காமல் நின்றாள். “நாளைக்குத் தாலூக்கு அங்க போச்சுன்னா? பெர்மிட்டு இங்க இருக்கும், பஸ்ஸு அங்க நிக்கும், நீங்க நடுவில நிப்பிய. இவிய இங்க வந்து எனக்க மீனைத் தின்னுட்டு இருப்பாவ.”

“அப்பம் போவாண்டாமா?” என்றார் ஞானதாஸ்.

“போவாண்டாம் எண்ணு நான் செல்லலியே. சுக்கை வச்சுப் பிள்ளை வளக்க ஒக்காது. பாத்துச் செய்யுங்க.”

போவதென்று முடிவானது. முடிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடை முதலாளிக்கும் ஞானதாசுக்கும் அப்போது பேச்சு இல்லை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மலையாளம் ஒரு சொல்லும் தெரியாதவர். வாங்கிய மிளகில் ஈரம் என்று ஒருநாள் சத்தம் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் என் வழியாகவே பேசினார்கள்.

“ஏ, அந்தத் தராசுக்காரன்ட்ட சொல்லு, இன்னைக்கும் ஈரம்.”

“ஈரம் மிளகுல இல்ல, பாக்கியவருக்க கண்ணுல ஆக்கும் எண்ணு செல்லு.”

இரண்டு முழ தூரத்தில் இருந்த இருவருக்கும் நடுவே நின்றுகொண்டு நான் ஒவ்வொன்றையும் சற்று மெருகேற்றிக் கொடுத்தேன். ஆகவே சண்டை நன்றாக நடந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞானதாஸ் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருக்கும் எனக்கும் ‘ராஜி’ என்றால் வேலையை விட்டு விலகுவது. முதலாளியின் ஊரில் ராஜி என்றால் சண்டை தீர்ந்து சமாதானம் ஆவது. பஸ்ஸேறினால் ஒரு பகல் தூரம்கூட இல்லை, சொல் தலைகீழாகிவிடுகிறது.

திங்கட்கிழமை காலை ஞானதாஸ் வெளுத்த சட்டை போட்டு வந்து, நேராகப் போய் நின்றார்.

“முதலாளி, நான் ராஜிக்கு வந்தேன்.”

முதலாளி அவரை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு எழுந்து, தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளிப் போட்டார்.

“ராஜிக்கா வந்த? நானல்லவா முதல்ல வந்திருக்கணும். உக்காருடே.”

“இல்ல முதலாளி, ராஜி எண்ணு செல்லியது…”

“ராஜின்னு ஆன பொறவு என்னத்துக்குப் பேச்சு? ஏ, கருப்பட்டிக் காப்பி சொல்லுங்கடே! இங்க பாரு, மிளகு கிடக்கட்டும். மரச்சீனியை வெட்டிக் காயவச்சுக் கிழக்க அனுப்புவோம். கையில காசில்லன்னா சனம் மிளகை விட்டுரும், வயித்தை விட்டுருமா? சந்தைக்கு நீதான் போணும். வாறதுல உனக்கும் பங்கு.”

ஞானதாஸ் என்னைப் பார்த்தார். நான் பூனையைப் பார்த்தேன். காப்பி வந்தது. அவர் உட்கார்ந்தார், குடித்தார்.

வெளியே வந்ததும் அவர் காதைப் பிடித்தேன். “எலே, பஸ்ஸு காத்து நிக்குது!”

“காப்பி குடிச்ச பொறவு ராஜி வைக்கப்பிடாது மக்கா. அது நாக்குக்குச் செய்யிய துரோகம் ஆக்கும். நீ போ.”

போனேன். முதல் நாளே உதியன்குளங்கரையில் ஊர்வலம் பஸ்ஸை மறித்தது. ஊர்வலத்தின் தலை அங்கே, வால் களியக்காவிளையில். “எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். படியில் நின்று இரண்டு பாஷையிலும் பேசினேன். இரண்டு தரப்பும் கைதட்டியது. ஆனாலும் பஸ் நகரவில்லை. அதன்பின் ஓடிய நாளைவிட நின்ற நாளே அதிகம். ஒருநாள் பஸ் முதலாளி அதைப் பலாமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போனார். இருக்கைகளில் கோழி அடைந்தது.

நான் கடைக்குத் திரும்பினேன். முற்றம் முழுக்க மரச்சீனி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. ஞானதாஸ் தராசருகில் கைகட்டி, எங்கோ பார்த்தபடி கேட்டார்:

“என்னடே, ராஜியா?”

“ராஜிதான்.”

“எந்த ராஜி?”

“ரெண்டும்.”

உள்ளேயிருந்து முதலாளி சிரித்த சிரிப்பு களியக்காவிளை வரை கேட்டது.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான். அடக்கத்தன்று பெட்டி மூடும் முன் ரோசம்மாள், “நீங்க ஒண்ணும் செல்லலியா?” என்று கேட்டாள். குனிந்து, “ராஜி” என்றேன். எந்த ராஜி என்று அவர் கேட்கவில்லை.

எழுதியதெல்லாம் சத்தியம். ஊர்வலத்தின் நீளத்தையும் பூனையின் தும்மலையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. முதலாளிக்கு மலையாளம் தெரியாது என்றேனே, அது நான் சேர்த்தது. கல்யாண வீடுகளில் சொல்லும்போது சிரிப்பு நன்றாக வரும். ஞானதாசும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், ஒருநாளும் திருத்தியதில்லை. முதலாளி தினமும் மலையாளப் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பவர். மந்திரி ராஜி வைத்த செய்தியை அவர் வாயிலிருந்துதான் நாங்கள் கேட்டோம். அவர் தெரிந்தேதான் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். ஞானதாசும் தெரிந்தேதான் உட்கார்ந்தார்.