லைன் மொத்தமும் எழுந்து போன நாள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பேன்ட் உருவாக நாற்பது பேர் உட்கார வேண்டும். ஒருவர் பாக்கெட் தைப்பார், அடுத்தவர் ஜிப் வைப்பார், அதற்கடுத்தவர் இடுப்புப் பட்டி. வெட்டிய துணி ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் பேன்ட்டாக வெளியே விழும். இந்த வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். அயப்பாக்கத்துக் கன்னியம்மாள் கல்யாணத்துக்கு முன்பே நூல் வெட்டும் வேலைக்கு அந்த லைனில் சேர்ந்தவர். இன்று நாற்பத்தைந்து வயதில் அதன் சூப்பர்வைசர். அவர் கண்ணைத் தாண்டிப் போன பேன்ட்டுகள் உலகத்தின் எந்தெந்தக் கடைகளிலோ தொங்குகின்றன. அவர் மட்டும் திருப்பதியைத் தாண்டியதில்லை.

கம்பெனி அவரை எத்தியோப்பியாவுக்கு அனுப்புவதாகச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அது எங்க கீது சார்?"

ஆப்பிரிக்காவில், என்றார்கள். அங்கே அதே முதலாளி புதிதாக ஒரு ஆலை போட்டிருக்கிறார். ஆறு மாதம் இருந்து ஒரு லைனை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

ஜிப் வைக்கிற சாவித்திரி, கன்னியம்மாளின் பக்கத்துத் தெருக்காரர், சாப்பாட்டு நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். "பட்டினி ஊருடி அது! எலும்பும் தோலுமா டிவில காட்டுவானே. ஒரு மூட்ட அரிசி கட்டிகினு போ. இல்லாங்காட்டி திரும்பி வர்றசொல்ல உன்ன நாங்க தூக்கினு வர்ணும்."

கன்னியம்மாள் அரிசி கட்டவில்லை. இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், ஒரு கம்பளி. ஆப்பிரிக்காவில் குளிரும் என்று அவர் சொன்னதை லைனில் ஒருவரும் நம்பவில்லை.

குளிரத்தான் செய்தது. அந்த ஊர் தெற்கே, மேட்டு நிலத்தில், ஓர் ஏரிக்கரையில் இருந்தது. செம்பரம்பாக்கத்தை அதற்குள் தூக்கிப் போட்டால் ஒரு மூலையில் கிடக்கும், அவ்வளவு பெரிய ஏரி. கரையில் வழுக்கைத் தலைக் கொக்குகள், முக்கால் ஆள் உயரத்துக்கு, மீனவர்கள் எறியும் குடலுக்காக, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போலப் பொறுமையாக நின்றன. கன்னியம்மாள் முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சாப்பாடு அதைவிட ஆச்சரியம். தாம்பாள அகலத்துக்கு ஒரு புளித்த தோசை, ஆப்பம் போல மேலெல்லாம் பொத்தல். அந்த ஊர் லைனில் பாக்கெட் தைக்கும் ஹிருத் அவரை வீட்டுக்கு அழைத்துப் போய் மூன்று ஆள் சாப்பிடும் அளவுக்குப் பரிமாறினார். கன்னியம்மாள் வயதுதான் ஹிருத்துக்கும், மூன்று பிள்ளைகள். போதும் என்று கையை நீட்டி மறைத்ததும் ஹிருத் ஒரு கவளத்தைச் சுருட்டி நேராக அவர் வாயில் ஊட்டிவிட்டார். விருந்தாளிக்கு அங்கே அதுதான் மரியாதை.

"எங்கம்மாவே எனுக்கு அஞ்சு வயசோட ஊட்றத நிறுத்திட்டாங்க" என்று கன்னியம்மாள் இன்றும் சிரிக்கிறார். "பட்டினி ஊருன்னு போனா, வாயில திணிக்கிறா!"

பணம் இல்லாத ஊர்தான் அது. ஹிருத்தின் மாதச் சம்பளம், அம்பத்தூரில் சாவித்திரி வாங்குவதில் நாலில் ஒரு பங்குகூட வராது. ஆலைக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்த பெண்கள் நான்கு பேர் ஒரே மெத்தையில் படுத்தார்கள். தண்ணீருக்கு மஞ்சள் கேன்களின் வரிசை. மின்சாரம் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். நம் ஊரில் ரேஷனில் அரிசி சும்மாவே கொடுப்பார்கள் என்று கன்னியம்மாள் ஒருநாள் சொல்லிவைத்தார். அவருடைய அரைகுறை ஆங்கிலத்தை லைனில் ஆங்கிலம் தெரிந்த மெசெரெத் மொழிபெயர்த்ததும் எல்லா மெஷினும் நின்றது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்றதும் பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். மத்தியானம் மெசெரெத் தயங்கித் தயங்கி வந்து கேட்டார்.

"எல்லாரும் கேட்கச் சொன்னார்கள். நீங்கள் பணக்கார நாடா?"

ரேஷன் அரிசியில் பூச்சி என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் கன்னியம்மாள் விமானம் ஏறியிருந்தார்.

எதற்காகத் தன்னை அனுப்பினார்கள் என்பது அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஆலை மேனேஜர் ரகுநாதன், முகப்பேர்க்காரர், ஒளிக்காமல் சொன்னார்.

"இந்த லைன் ஒரு வாரம் ஒருநாள் விடாம நாம சொன்ன எண்ணிக்கைய எடுத்துட்டா போதும் கன்னியம்மா. ஆர்டர் குடுக்கறவங்க ஆளு நேர்ல வந்து பாப்பாரு. அடுத்த சீசன்லேர்ந்து பேன்ட் முழுக்க இங்கதான்."

"அப்ப அம்பத்தூர்ல, சார்?"

"அங்க கட்டுப்படியாகல. நீங்கல்லாம் காஸ்ட்லி ஆயிட்டீங்க."

"நாங்களா சார்?"

வாழ்க்கையில் கன்னியம்மாளை யாரும் காஸ்ட்லி என்று சொன்னதில்லை. அதைக் கேட்டு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சாவித்திரிக்குப் போன் போட்டார்.

"எங்க கைய வெட்டறதுக்கா உன்ன பிளேன்ல ஏத்தி அனுப்சான்?" என்றார் சாவித்திரி. "குழு லோனு, பசங்க பீஸு, வண்டி டியூ, அல்லாம் இந்த பேன்ட்டுலதாண்டி ஓடுது. இன்னா பண்ணப் போற?"

"தெர்ல."

"தெர்லன்னா? நல்லா கீதுடி உன் நாயம்."

தெரியாமலே அவர் வேலையைப் பார்த்தார். அரைகுறையாக வேலை செய்ய அவருக்கு வராது. கோணல் தையல் கண்ணில் பட்டால் கை தானாகப் போய்ப் பிரித்துவிடும். அந்தப் பெண்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. வந்து சேர்ந்தபோது பாதிப்பேர் கரன்ட் மெஷினைத் தொட்டதில்லை. ஐந்தாவது மாதம் அம்பத்தூர் லைனின் வேகத்தை எட்டிப் பிடித்துவிட்டார்கள். கன்னியம்மாளுக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் சாவித்திரி போன் செய்தால் எண்ணிக்கையைச் சொல்லாமல் பேச்சை மாற்றினார்.

சோதனை வாரம் வந்தது. ஆர்டர் கொடுப்பவர்களின் ஆள் வெளிநாட்டிலிருந்து வந்து ஷெட் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திங்கள், செவ்வாய், புதன்: எண்ணிக்கை வந்தது. ஒருநாள் தவறினாலும் ஆர்டர் அம்பத்தூரிலேயே நின்றுவிடும்.

வியாழக்கிழமை காலை ஷெட்டில் விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது. ஒரு மெஷினிலும் ஆள் இல்லை. மெசெரெத் மட்டும் வாசலில் நின்றார், தோளில் வெள்ளைத் துணி போர்த்தி, கிளம்பும் அவசரத்தோடு.

"ஹிருத்தின் அம்மா இறந்துவிட்டார். எல்லாரும் போயிருக்கிறார்கள்."

"இத்தனை பேரும் சொந்தக்காரங்களா?"

"இல்லை. லைன்."

ரகுநாதன் ஓடி வந்தார். "வண்டிய எடுத்துக்குங்க கன்னியம்மா. நீங்க கூப்பிட்டா வருவாங்க. மத்தியானத்துக்குள்ள பாதிப் பேரையாவது கொண்டாந்துடுங்க, ஓவர்டைம் போட்டு எண்ணிக்கைய காட்டிடலாம். வரலைன்னா சம்பளம் பிடிப்போம்னு சொல்லுங்க."

கூட்டி வந்தால் அம்பத்தூர் போச்சு. வராவிட்டால் இவர்கள் ஐந்து மாதம் பட்ட பாடு போச்சு. "வண்டி பஞ்சர் ஆனா நல்லாருக்கும்னு கும்ட்டுகினே போனேன்" என்கிறார். வண்டி பஞ்சர் ஆகவில்லை.

ஹிருத் வீட்டு முன்னால் பந்தல் போட்டாகிவிட்டது. தெருவில் இதற்கென்றே ஒரு சங்கம் உண்டு. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். சாவு என்று கேள்விப்பட்டால் கேட்கும் முன்பே பந்தலும் பெஞ்சும் அண்டாவும் வந்து இறங்கிவிடும். பந்தலுக்குள் வெள்ளைத் துணி போர்த்திய பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ராகம் போட்டு அழுதார்கள். கன்னியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒப்பாரி. மொழிதான் வேறு, இழுவை, விம்மல், நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம் எல்லாம் அதேதான்.

பின்பக்கம் அவருடைய லைன் மொத்தமும் இருந்தது. ஒருவர் கேனில் தண்ணீர் கொண்டுவர, அடுத்தவர் அண்டாவில் ஊற்ற, ஒருவர் விறகு தள்ள, ஒருவர் காப்பிக் கொட்டை வறுக்க, ஒருவர் இடிக்க. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஷெட்டில்கூட அந்த லைன் இவ்வளவு சுத்தமாக ஓடிக் கன்னியம்மாள் பார்த்ததில்லை.

ஒருவர் வந்து அவர் உள்ளங்கையில் வேகவைத்த கோதுமையும் பயறும் வைத்தார். தாளிக்காத சுண்டல். மென்றுகொண்டே மெசெரெத்திடம், சம்பளம் பிடிப்பார்களாம் என்று சொல்லச் சொன்னார். மெசெரெத் சொன்னார். காப்பி இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்தாமல் ஏதோ பதில் சொன்னார்.

"பிடிக்கட்டுமாம்" என்றார் மெசெரெத். "வீட்டுக்குப் பின்னால் மரம் இருக்கிறதாம்."

பின்னால் வாழைத்தோப்பு போல ஒன்று நின்றது. பார்க்க வாழை, ஆனால் தின்னும் பழம் தராது. அடித்தண்டையும் கிழங்கையும் சுரண்டிக் குழியில் புதைத்துப் புளிக்கவைத்து ரொட்டி சுடுவார்கள். மழை ஏமாற்றினாலும் அந்த மரம் நிற்கும். அங்கே முக்கால்வாசி வீடுகளில் அது உண்டு. ஆலைச் சம்பளம் உப்புக்கும் துணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். சாப்பாடு அதை நம்பி இல்லை.

கன்னியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார். நாலு வருஷம் முன்பு அவர் கணவர் இறந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். சாயந்திரம் நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து சாவித்திரியும் மற்றவர்களும் மாலையோடு சுடுகாட்டுக்கு ஓடிவந்தபோது நெருப்பு பாதி அடங்கியிருந்தது.

"அவங்கள தப்பு சொல்ல மாட்டேன். அவங்க எடத்துல நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். ஒருநாள் போனா அட்டென்டன்ஸ் போனஸ் போச்சு, டியூக்காரன் வாசல்ல வந்து நிப்பான். இவங்களவிட நாலு மடங்கு வாங்கறோம். ஒருநாள் எழுந்து போக தகிரியம் கெடியாது. பணக்கார நாடான்னு கேட்டாளே, அத நெனச்சிகினே குந்தினு இருந்தேன்."

ஹிருத் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்தார். கன்னியம்மாள் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனை எடுத்தார்.

"சார், இன்னிக்கி யாரும் வர மாட்டாங்க. நானும் வர்ல."

"என்ன ஆகும்னு தெரியுமா கன்னியம்மா?"

"தெரியும் சார்."

அம்பத்தூருக்காகவா, ஹிருத்துக்காகவா என்று கேட்டால் அவர் தலையை ஆட்டுகிறார். "ரெண்டும் அப்ப தோணல. அவ சாஞ்சினுகீறா. அத்த வுட்டு எப்டி எழுந்திருக்கறது?"

மூன்று நாள் துக்கம் முடிந்து லைன் திரும்பி வந்தபோது நாற்காலிக்காரர் ஊருக்குப் போயிருந்தார். பேன்ட் ஆர்டர் ஒரு சீசனுக்கு அம்பத்தூரிலேயே நின்றது. ஹிருத்தின் லைனுக்கு ஆஸ்பத்திரிச் சட்டை வந்தது. கூலி அதே கூலி. கன்னியம்மாளை ஒரு மாதம் முன்னதாகவே திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அம்பத்தூரில் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம் பார்த்து அவர் சாவித்திரிக்குப் போன் செய்தார்.

"ஆர்டர் நம்மகிட்டயே கீதுடி."

"மெய்யாலுமா? எப்டி?"

கன்னியம்மாள் சொன்னார். மறுமுனையில் டிபன் பாக்ஸை மூடுவது கேட்டது.

"அல்லாருமா?" என்றார் சாவித்திரி.

"அல்லாரும்."

"நாப்பது பேருமா? யாரையும் கேக்காமயா?"

"எங்கிட்டகூட கேக்கல."

"சம்பளம்?"

"புடிச்சா புடிச்சிக்கோன்னுட்டாங்க."

"யாரையும் வேலைய வுட்டு நிறுத்தலியா?"

"மொத்த லைனும் பூட்ச்சி. யார நிறுத்துவான்?"

ஆர்டரைப் பற்றிச் சாவித்திரி அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போடுவது கேட்டது. "ஏய், இங்க வாங்கடி அல்லாரும். சோத்த அப்பறம் துன்லாம். இவ இன்னா சொல்றா கேளுங்க." பெஞ்சுகள் நகர்ந்தன. யாரோ யாரையோ "ஷ்ஷ்" என்று அடக்கினார்கள்.

"ம், சொல்லு கன்னி" என்றார் சாவித்திரி. "மொதல்லேர்ந்து சொல்லு. காலைல நீ போறசொல்ல ஷெட்டு எப்டி இருந்துச்சி?"