புளி போட்டு விளக்கிய சிங்கம்

நேற்று மத்தியானம் தேனி ஆஸ்பத்திரி கேண்டீனில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், வாங்கிய சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். புளியைக் கண்டு ஓடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

எங்கள் வீடு வடுகபட்டியில். அம்மா மண்டியில் பூண்டு ஆய்ந்து என்னை வளர்த்தவள். வீட்டில் எதை எடுத்தாலும் பூண்டு வாசம்தான், என் பள்ளிக்கூடப் பைக்கட்டில்கூட. அது எட்டாத ஒரே இடம் டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருந்த தகர டப்பா. அதற்குள் பட்டாளத் தொப்பியில் குத்தும் பித்தளைச் சின்னங்கள் இரண்டு. ஒன்று தாத்தாவுடையது, ஒன்று அப்பாவுடையது. இருவரும் ஒரே ரெஜிமெண்ட். எனக்கு நாலு வயதில் அப்பா லீவு முடிந்து போனார். அப்புறம் சீனச் சண்டையிலிருந்து தந்தியும் அந்தச் சின்னமும்தான் வந்தன.

ஆயுத பூசைக்கு முதல் நாள் குத்துவிளக்கு, சொம்போடு அந்தச் சின்னங்களையும் விளக்குவது என் வேலை. புளியும் சாம்பலும் தொட்டு, தேங்காய் நாரால் தேய்ப்பேன். கல்யாணமாகிப் போன பிறகும் வருசம் தவறாமல் வந்து தேய்த்தேன். "தங்கமாட்டம் மின்னுதே ஆத்தா!" என்பாள் அம்மா. வேறு எதிலும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்காதவள் நான். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன்.

போன மாதம் அம்மா படுத்துவிட்டாள்; தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். கண்ணும் தெரியவில்லை.

"ரெண்டையும் கண்ணாடிச் சட்டத்துல வச்சு, அவுக அவுக படத்துக்குக் கீழ மாட்டு. அதுக்கு முந்தி ஒங்க அப்பாவோடத ஒருக்கா என் கைல குடு. தொட்டுப் பாத்துட்டுப் போயிர்றேன்."

பெரியகுளத்தில் சட்டம் போடுகிறவர், "எது யாரோடது, எந்தக் காலம்னு எழுதிக் குடுங்கக்கா" என்றார். எனக்குத் தெரியவில்லை. பேசக் கூச்சப்பட்டு இரண்டு தடவை வாசலோடு திரும்பி, மூன்றாம் தடவைதான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பழைய ஹவில்தாரிடம் போய் நீட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"மேல கிரீடம் இருந்தா வெள்ளைக்காரன் காலம், ஒங்க தாத்தாவோடது. சிங்கம் இருந்தா குடியரசுக்குப் பெறகு, ஒங்க அப்பாவோடது. இங்கன ரெண்டுலயும் தேஞ்சு மொச்சக்கொட்டையாட்டம்ல இருக்கு! என்னத்தப் போட்டுத் தேய்ச்சீக?"

"புளி."

"வெள்ளைக்காரனும் அழிக்கல, சீனாக்காரனும் அழிக்கல. நீங்க அழிச்சுப்புட்டீகளேம்மா!"

சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பின்பக்கம் திருப்பி ஏதாவது எண் இருக்கிறதா என்று தேடினார். அங்கேயும் என் தேங்காய் நார் போயிருந்தது.

இன்று காலை, வருவது வரட்டும் என்று ஒன்றை அம்மா கையில் வைத்தேன். பூண்டு ஆய்ந்த விரல்களால் மெல்லத் தடவினாள்.

"இது இல்ல."

மற்றதை வைத்தேன்.

"இதுவும் இல்ல ஆத்தா. அவுக ஒன்னத் தூக்கையில தொப்பிச் சிங்கம் ஒங் கன்னத்துல கீறும். நீ வீல்னு கத்துவ. அத எங்கன போட்ட? தேடு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்கூட இல்லாமல், இரண்டையும் மாற்றி மாற்றிக் கன்னத்தில் அழுத்திப் பார்க்கிறேன். அப்பா முகம் எனக்கு நினைவில்லை. அவர் என்னைத் தூக்கினார் என்பதற்கு மிச்சம் இருந்தது அந்தக் கூர் ஒன்றுதான். இரண்டும் வழுவழுவென்று இருக்கின்றன. உள்ளே அம்மா கையை விரித்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.