சீனிச்சாமி இழுத்துப் பார்க்கும் பூட்டுகள்

பேய்க் கதையை யாராவது ஆரம்பித்தால் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். கோயிலுக்குப் போவதே வீட்டுக்காரி இழுத்தால்தான். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், என் மனைவி சரோஜாவும் பக்கத்தில் நின்றாள், அவளும் கேட்டாள்.

சிவகாசியில் ஒரு சின்னக் கடைத்தெருவில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். அந்தத் தெரு வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். செயலாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மெஷின் வைத்திருப்பவன் மனு கொடுத்தால் நகல் எடுக்கிற செலவு மிச்சம் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று மனு, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மனு, சாக்கடை மேல் போட்ட சிமெண்டுப் பலகை உடைந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது என்று மனு. நகராட்சி ஆபீசுக்குப் போனால் "வச்சுட்டுப் போங்க, பார்ப்போம்" என்பார்கள். வைத்துவிட்டு வருவேன். அவர்கள் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனதுதான் மிச்சம்.

அந்த வருஷங்களில் தினமும் மின்வெட்டு என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாயங்காலம் கரண்ட் போனால் எங்கள் தெரு கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். திருடர்களுக்கு அதுதான் வசதி. முதலில் செல்போன் ரீசார்ஜ் கடை, அடுத்து தையல் கடை, அப்புறம் என் கடை. ஸ்டேஷனுக்குப் போனால், "நீங்களா ஒரு வாட்ச்மேன் போட்டுக்கிடுங்க" என்றார்கள். சரி என்று சீனிச்சாமியைப் போட்டோம்.

சீனிச்சாமி லாரி ஷெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த மனிதர். இடுப்பு ஒடிந்த பிறகு மூட்டை தூக்க முடியவில்லை. அவரிடம் ஒரே ஒரு பழக்கம், அதற்காகவே அவரைச் சும்மா சொல்லக்கூடாது. கடைகள் அடைத்ததும் தெருவின் ஒரு முனையில் ஆரம்பித்து, ஒவ்வொரு பூட்டாகப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டே போவார். கடக், கடக். ஒரு செருமல். அடுத்த கடை. கடக், கடக். அவசரத்தில் பூட்டைச் சரியாக அழுத்தாமல் போகிற ஆட்கள் எங்கள் தெருவில் உண்டு. இழுத்ததும் பூட்டு கையோடு வந்துவிட்டால் அவர்கள் வீட்டுக்கே போய், "ஏய்யா, கடையத் தொறந்து போட்டுட்டு இங்கன வந்து சோறு திங்கீகளாக்கும்" என்று சத்தம் போட்டுவிட்டு வருவார். அவர் வந்த பிறகு திருட்டு நின்றது.

ஆடி மாதத்தில் ஒருநாள் இருட்டில் அந்த உடைந்த பலகை வழியாகக் காலை விட்டு, விளிம்பில் தலை அடித்து, சாக்கடையிலேயே உயிரை விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தப் பலகைக்கு நான் எத்தனை தரம் நடந்திருப்பேன்! மறுநாள் நகராட்சி ஆட்கள் வந்தார்கள். ஓட்டையில் ஒரு குச்சியை நட்டு, அதில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

இதற்கு நடுவே என் கடைக்கு அடுத்த கடை காலியானது. தீபாவளி சீசனுக்கென்று ஒரு பட்டாசு ஏஜென்ட் அதைப் பிடித்தான். வெளியே அட்டைப்பெட்டி வியாபாரம் என்று போர்டு. உள்ளே பொம்பளைகளை வைத்துப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறான். லைசென்ஸ் வாங்கின கம்பெனியில், ஊருக்கு வெளியே, தள்ளித் தள்ளிக் கட்டின அறைகளில் செய்ய வேண்டிய வேலை அது. இங்கே கடைத்தெருவுக்கு நடுவில் செய்கிறான். அதற்கும் மனுப் போட்டேன். மனுப் போட்டவன் நான்தான் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்து, சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணாச்சி, சீசன் முடியிற மட்டும் பொறுத்துக்கிடுங்க. நாம எல்லாம் ஒரே தெருதான."

"தெருன்னு ஒண்ணு மிஞ்சணும்லப்பா" என்றேன். அதற்கும் சிரித்தான்.

அங்கே வேலை பார்த்த முத்துலட்சுமியை எனக்குத் தெரியும். ரேஷன் கார்டு நகல் எடுக்க வருவாள். "ஏம்மா, இதுல போய் உக்காந்திருக்கியே" என்று கேட்டதற்கு, "கம்பெனியில நின்னு வேலை பாக்க முடியலண்ணாச்சி, மூட்டு வலி. இங்கன உக்காந்தே பாக்கலாம்" என்றாள். ஒருநாள் இந்தக் கடை போகும், இந்தப் பொம்பளைகளையும் கொண்டுபோகும் என்ற பயம் சோற்றில் கை வைக்கும்போதுகூட வந்தது.

எங்கள் பக்கத்தில் திருட்டுத்தனமாகப் பட்டாசு வேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரிகள் செக்கிங் வருகிறார்கள் என்று தகவல் வந்தால், ஆட்களை வெளியே அனுப்ப மாட்டார்கள், அனுப்பினால் எல்லார் கண்ணிலும் படும். ஆட்களை உள்ளேயே வைத்து ஷட்டரை இறக்கி, வெளியே பூட்டைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்கு மூடின கடை. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே உத்தரவு, யார் தட்டினாலும் மூச்சு விடக்கூடாது.

அன்றைக்கு ஐப்பசி மழை. மத்தியானத்திலிருந்தே பிடித்துக்கொண்டது. நானும் சரோஜாவும் சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது அடுத்த கடையில் பூட்டுத் தொங்கியது. மழைக்குச் சீக்கிரம் அடைத்துவிட்டான், நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் போனது. சாக்கடை நிரம்பி, கறுப்புத் தண்ணீர் படியேறி எங்கள் கடைக்குள் வந்தது. அவள் முறத்தால் அள்ளுகிறாள், நான் பேப்பர் கட்டுகளை மேலே தூக்கி வைக்கிறேன், வாய் நகராட்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. எதிரில் பாண்டி அண்ணாச்சியின் டீக்கடையில் மட்டும் ஒரு அரிக்கேன் விளக்கு.

அப்போது கேட்டது. கடக், கடக்.

சரோஜா முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறுபடி, கடக், கடக்.

"என்னங்க, சீனிச்சாமி இழுக்கிற மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

"ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? திருட்டுப்பயலா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சத்தம் அடுத்த கடையிலிருந்துதான் வந்தது. டார்ச்சை அடித்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், அங்கே ஆள் இல்லை. பூட்டு கொண்டியில் சும்மா தொங்குகிறது. அதிலிருந்து மழைத்தண்ணீர் ஒழுகுகிறது. இம்மிகூட ஆடவில்லை. வெளிச்சம் அதன் மேலேயே இருக்கிறது, என் கண்ணும் அதன் மேலேயே இருக்கிறது, அப்படியிருந்தும் சத்தம் வருகிறது. கடக், கடக். சீனிச்சாமி ஒரு கடைக்கு இரண்டு தரம்தான் இழுப்பார், அப்புறம் நகர்ந்துவிடுவார். இது நகரவே இல்லை. அங்கேயே நின்று இழுத்துக்கொண்டே இருந்தது. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஓடியிருக்க வேண்டும். எதற்காகக் கையை நீட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பூட்டைத் தொட்டதும் சத்தம் நின்றது. இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் குளிர்ந்த மழையில், டீ டம்ளரைத் தொடுகிற மாதிரிச் சூடு. அப்போதுதான் காலுக்குக் கீழே பார்த்தேன். சாக்கடைத் தண்ணீர் ஷட்டருக்கு அடியில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

உள்ளே ஆட்களை வைத்துப் பூட்டியிருப்பானோ என்று சரோஜாவுக்கும் தோன்றிவிட்டது. ஷட்டரில் வாயை வைத்துக் கத்தினாள். "ஏத்தா, உள்ள யாரும் இருக்கீகளா? நான் ஜெராக்ஸ் கடை சரோஜாத்தா!"

அவள் மறுபடி கத்தினாள். "செக்கிங் எல்லாம் ஒண்ணும் இல்லத்தா! வாயத் தொறந்து பேசுங்கத்தா!"

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல். "அக்கா... தண்ணி கணுக்காலுக்கு வந்துருச்சுக்கா. மூட்டை சுடுதுக்கா."

சாவி ஏஜென்டிடம். அவன் எங்கே இருக்கிறானோ. சுத்தியல் எடுத்து அடித்தால் இரும்பில் பொறி பறக்கும், பக்கத்தில் மருந்து. என்ன செய்வது என்று தெரியாமல் அந்தப் பூட்டைப் பிடித்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

இரும்பு உரசிப் பொறி பறக்காமலிருக்க, தண்ணீரை அள்ளி ஷட்டர் ஓரத்தில் ஊற்றிக்கொண்டே மெல்ல மெல்லத் தூக்கினோம். குனிந்தபடி ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். ஒருத்தி மயங்கிக் கிடந்தாள், அவளை முத்துலட்சுமி தோளில் சாய்த்து இழுத்து வந்தாள். உள்ளே மூலையில் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. எல்லாரும் பாண்டி அண்ணாச்சி கடைத் தார்ப்பாய்க்கு அடியில் போய்ச் சேர்ந்தோம். அவர் ஃபயர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "எந்தத் தெரு" என்று கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் கடை வெடித்தது. ஷட்டர் தெருவைத் தாண்டி வந்து விழுந்தது. என் கடைச் சுவர் ஆளுயரத்துக்குப் பிளந்தது. ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

முத்துலட்சுமிக்கு டீ கொடுத்துவிட்டு, "உள்ளயிருந்து ஷட்டரை ஆட்டுனது நல்லதாப் போச்சும்மா" என்றேன்.

அவள் டீயைக் குடிக்காமல் என்னைப் பார்த்தாள். "நாங்க ஷட்டரத் தொடவே இல்லையே அண்ணாச்சி. வெளிய யாரோ பூட்ட இழுத்துக்கிட்டே இருந்தாக. ஆபீசர்தான் சோதிக்காருன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம்."

நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். அவசரத்தில் ஏஜென்ட் பூட்டைச் சரியாக அழுத்தியிருக்க மாட்டான், அதனால் இழுத்ததும் வந்துவிட்டது. போலீஸ்காரரும் அதைத்தான் சொன்னார். வைத்துக்கொள்வோம். இழுத்தது யார்?

அப்புறம் எல்லாம் வழக்கம்போலத்தான். ஏஜென்ட் உள்ளே போய், ஜாமீனில் வந்து, வேறு ஊர்ப் பக்கம் இடம் பார்த்துக்கொண்டான் என்றார்கள். சாக்கடையை ஒரு தரம் தோண்டினார்கள், அடுத்த மழைக்குள் திரும்ப அடைத்துக்கொண்டது. வாட்ச்மேன் வேலைக்கு ஒருவரும் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். அதனால் அந்த வேலையும் என் தலையில். கடை அடைத்ததும் தெருப் பூட்டையெல்லாம் நான்தான் இழுத்துப் பார்க்கிறேன். கால் வலிக்கிறது, வயதாகிவிட்டது, இருந்தாலும் விட முடியவில்லை.

மற்ற கடைகளில் ஒன்றும் இல்லை. என் கடையில்தான். நானே ஷட்டரை இறக்குகிறேன், நானே பூட்டுகிறேன், பிளந்த சுவரையும் பூசியாகிவிட்டது, உள்ளே ஒரு ஈ காக்கை கிடையாது. இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தால், சில நாட்களில், உள்ளேயிருந்து யாரோ ஷட்டரை ஒரு தரம் மெதுவாகத் தூக்கிப் பார்க்கிறார்கள். பூட்டு என் கண் முன்னால் ஆடி நிற்கிறது. "மறுபடியுமா?" என்று சரோஜா தலையில் அடித்துக்கொள்வாள். பூட்டுத் தொங்குவதைப் பார்த்து உள்ளே ஆள் இல்லை என்று ஒரு தரம் நிம்மதிப்பட்டவன் நான். சாவியை எடுத்துத் திறந்து, "யாரும் இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.